“வயதாகிவிட்டது” என்னும் சொல்லும் முதியோர் மருத்துவத்தின் வரலாறும்

விழாவை முன்னிட்டுக் குடும்பத்தினர் யாவரும் ஒன்றுகூடும் நாட்களில், சென்ற ஆண்டு நம்முடன் பொன்னூர் மலைப் படிகளில் ஏறிவந்த பெரியவர் ஒருவர் இவ்வாண்டு அடிவாரத்திலேயே அமர்ந்துவிடுவதைக் காண்கிறோம். காரணம் கேட்டால் அவரும் சொல்வார், உடன் வந்தோரும் சொல்வர்: “வயதாகிவிட்டது.” அதற்குப் பின் எவரும் மேலும் வினவுவதில்லை. முழங்கால் மூட்டின் தேய்மானமா, இரத்தசோகையா, கண்ணில் வளர்ந்துவரும் புரையா, நாள்தோறும் உண்ணும் மாத்திரையால் வரும் தலைச்சுற்றலா என்று ஆராயாமலேயே அப்பெரியவரின் உலகம் ஒரு படி சுருங்கிவிடுகிறது. மறு ஆண்டு அவர் அடிவாரத்துக்கும் வருவதில்லை.

மூத்தோர் நலத்துடன் வாழ்வதற்கான ஆய்வுகளின் வரலாற்றைப் பயில்வோர்க்கு ஓர் உண்மை புலப்படும். அத்துறையில் நிகழ்ந்த முன்னேற்றங்கள் பலவும், “வயதாகிவிட்டது” என்பதை விடையாக ஏற்க மறுத்து, “ஏன்?” என்று மீண்டும் கேட்ட சிலரிடமிருந்தே தொடங்கியுள்ளன. அந்த வரலாற்றின் சில முக்கியக் கட்டங்களை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறைக்குப் பெயர் வந்த கதை

குழந்தை மருத்துவம் தனித் துறையாக வளர்ந்துவிட்ட காலத்திலும் முதியோர்க்கெனத் தனி மருத்துவம் உண்டு என்ற எண்ணம் எங்கும் வேரூன்றவில்லை. 1863ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்து, நியூயார்க் நகரில் மருத்துவரான இக்னாட்ஸ் நாஷர் என்பவரே இக்குறையை முதன்முதலில் அழுத்தமாக எடுத்துக்காட்டியவர். அவர் மாணவராயிருந்தபோது வறியோர் இல்லத்தில் இருந்த மூதாட்டி ஒருவர் தம் வலியைச் சொல்லி முறையிட்டதாகவும், ஆசிரியர் அதனை முதுமையின் விளைவென்று கூறிச் செய்வதற்கு ஒன்றுமில்லை எனக் கடந்து சென்றதாகவும் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. அந்த விடை மாணவரின் மனத்தில் தைத்தது.

1909இல் நாஷர் இத்துறைக்கு ஒரு பெயரைச் சூட்டினார். முதுமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் மருத்துவத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து ‘ஜெரியாட்ரிக்ஸ்’ என்றார். 1914இல் முதுமைக் கால நோய்கள் பற்றி விரிவான நூலொன்றையும் வெளியிட்டார். குழந்தைப் பருவம் போலவே முதுமையும் தனக்கெனத் தனி இயல்புகள் கொண்ட ஒரு பருவம். அப்பருவத்தில் தோன்றும் நோய் வேறு, அப்பருவம் வேறு. இரண்டையும் பிரித்தறிவதே மருத்துவரின் கடமை என்பது அவர் கொள்கை. பெயர் நிலைத்தது. ஆயினும் கொள்கை நடைமுறைக்கு வர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

714 படுக்கைகள்

இலண்டன் நகரின் மேற்குப் பகுதியில் ஐல்வொர்த் என்னுமிடத்தில் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை உள்ளது. 1935இல் அம்மருத்துவமனை, அடுத்திருந்த வறியோர் இல்லத்தின் நோயாளர் பிரிவைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. அங்கே 714 படுக்கைகள் இருந்தன. அவற்றின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் கண்ட காட்சி துயரமானது. பக்கவாதத்தால் தாக்குண்டவர், எலும்பு முறிந்தவர், நினைவு தடுமாறியவர், போக்கிடம் இல்லாதவர் என எல்லோரும் வேறுபாடின்றி ஒரே கூடங்களில் படுக்க வைக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் பலர்க்கு முறையான நோயறிதல் நடந்ததே இல்லை. முதியவர் என்பதனால் படுக்கையில் வைக்கப்பட்டனர். படுக்கையிலேயே கிடந்ததனால் தசை மெலிந்து, மூட்டு மடங்கி, படுக்கைப் புண் கண்டு, எழ இயலாதவர் ஆயினர். எழ இயலாமையோ அவர்களின் முதுமைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது.

வாரன் அம்மையார் கையாண்ட முறை எளியது. ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். நோய் என்ன, எஞ்சியுள்ள ஆற்றல் என்ன, எதனை மீட்கலாம் என்று குறித்துக்கொண்டார். நிலைமைக்கேற்ப அவர்களைப் பிரித்தார். இருண்ட கூடங்களின் சுவர்களுக்கு வெளிர் வண்ணம் பூசச் செய்து, வெளிச்சம் வரச் செய்தார். பிடித்து நடப்பதற்குச் சுவரோரம் கைப்பிடிகள் அமைத்தார். செவிலியர், இயன்முறைப் பயிற்சியாளர், சமூகப் பணியாளர் ஆகியோரை ஒரே குழுவாகப் பணியாற்றச் செய்தார். ஆண்டுக்கணக்கில் படுத்திருந்தோர் பலர் எழுந்து நடந்தனர். பலர் வீடு திரும்பினர். நாளடைவில் அப்பிரிவுக்குத் தேவைப்பட்ட படுக்கைகள் ஏறத்தாழ 240 ஆகக் குறைந்தன.

தம் அனுபவத்தை வாரன் 1943இலும் 1946இலும் மருத்துவ இதழ்களில் கட்டுரைகளாக வெளியிட்டார். ஒவ்வொரு பொது மருத்துவமனையிலும் முதியோர்க்கெனத் தனிப் பிரிவு வேண்டும். மருத்துவ மாணவர் அங்கே பயிற்சி பெற வேண்டும் என்று அவற்றில் வலியுறுத்தினார். 1947இல் இத்துறை மருத்துவர்களுக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1948இல் பிரிட்டனில் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியபோது முதியோர் மருத்துவம் அதில் இடம்பெற்றது. 1965இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் முதியோர் மருத்துவத்துக்கு ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியது. உலகிலேயே அதுவே முதலாவது.

வாரன் புதிய மருந்து எதனையும் கண்டுபிடிக்கவில்லை என்பது கருதத்தக்கது. நோயாளரை உற்று நோக்கியதும், குறித்து வைத்ததும், மாற்றிச் செய்து பார்த்ததுமே அவர் நிகழ்த்திய ஆய்வு. ஆய்வு என்றவுடன் கண்ணாடிக் குழாய்களையும் பெரும் பொருட்செலவையும் மட்டும் நினைப்போர் இதனை மறத்தலாகாது.

முதுமை எல்லோர்க்கும் ஒன்றா?

நோயையும் முதுமையையும் பிரித்தறிய வேண்டுமாயின், முதுமை என்பது உடலில் என்ன செய்கிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். முப்பது வயதினர் நூறு பேரையும் எண்பது வயதினர் நூறு பேரையும் ஒரே நாளில் சோதித்து ஒப்பிட்டால் அது விளங்கிவிடாது. எண்பது வயதினர் உண்ட உணவும் உழைத்த உழைப்பும் பட்ட நோய்களும் வேறு. அவ்வேறுபாடுகளெல்லாம் முதுமையின் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரே மனிதரை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து காண்பதே தக்க வழி.

அவ்வழியை மேற்கொண்டு, 1958இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நேதன் ஷாக் என்னும் அறிஞர் தலைமையில் நெடுங்கால ஆய்வொன்று தொடங்கியது. நலமாயிருந்த மக்கள் தாமே முன்வந்து, குறிப்பிட்ட கால இடைவெளிகளில் தம் உடலைச் சோதனைக்கு உட்படுத்திக்கொள்ள இசைந்தனர். தொடக்கத்தில் ஆண்கள் மட்டுமே சேர்க்கப்பட்டனர். 1978 முதல் பெண்களும் சேர்க்கப்பட்டனர். தொடங்கியவர்கள் மறைந்த பின்னரும் அவ்வாய்வு தலைமுறை கடந்து தொடர்கிறது.

அது தந்த முடிவுகளுள் ஒன்றை இங்கே குறிப்பிடலாம். வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் ஆற்றல் எல்லோர்க்கும் குறைந்தே தீரும் என்று கருதப்பட்டுவந்தது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்து பார்த்தபோது, ஆய்வுக்குட்பட்டவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர்க்கு அத்தகைய குறைவே காணப்படவில்லை என 1985இல் வெளியான கட்டுரை தெரிவித்தது. மனிதர்தோறும் முதுமை வேறுபடுகிறது. ஒரே மனிதரின் உறுப்புகளுள்ளும் வேறுபடுகிறது. ஆகவே பிறந்த ஆண்டைக் கொண்டு மட்டும் ஒருவரின் ஆற்றலை முடிவு செய்தல் பிழை என்பது அளவைகளால் நிறுவப்பட்டது.

தொண்ணூறில் கிடைத்த வலு

போனது போனதுதானா, மீட்க முடியுமா என்பது அடுத்த வினா. 1990இல் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியோரும் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த 10 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். அவர்களின் சராசரி வயது 90. தளர்ந்த உடலினர். அவர்களுக்குக் கால் தசைகளை வலுப்படுத்தும் எடைப்பயிற்சி, மேற்பார்வையுடன், 8 வாரங்கள் அளிக்கப்பட்டது. அவ்வயதினரை எடை தூக்கச் செய்வது தீங்காகும் என்ற எண்ணம் பரவியிருந்த காலம் அது.

9 பேர் பயிற்சியை நிறைவு செய்தனர். அவர்களின் கால்வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. நடையின் வேகமும் கூடிற்று. இருவர் ஊன்றுகோலைக் கைவிட்டனர். பயிற்சியை நிறுத்திய 4 வாரங்களுக்குள் வலு 32 விழுக்காடு குறைந்தது என்பதையும் ஆய்வாளர் மறைக்காமல் பதிவு செய்தனர். தொண்ணூறு வயதுத் தசையும் பயிற்சிக்கு இணங்கி வளர்கிறது. பயிற்சி நின்றால் தேய்கிறது. இரண்டும் நமக்குப் பாடமே.

உடலுக்குச் சொன்னது அறிவுக்கும் பொருந்துமா எனப் பின்லாந்து நாட்டில் ஆராய்ந்தனர். 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு வழக்கமான நல அறிவுரைகளும், மறு பிரிவினர்க்கு உணவு முறை, உடற்பயிற்சி, அறிவுப் பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கும் சேர்த்து இரண்டாண்டுகள் வழங்கினர். 2015இல் வெளியான முடிவின்படி, இரண்டாம் பிரிவினரின் அறிவாற்றல் மற்றவர்களைவிடச் சிறந்து விளங்கியது. தனியொரு மருந்து தராத பயனைப் பல நல்வழக்கங்கள் கூடித் தந்தன.

சென்னையும் மதுரையும்

நம் நாட்டில் இத்துறை வேரூன்றியது தமிழ் மண்ணில் என்பது நாம் பெருமைகொள்ளத்தக்க செய்தி. பிரிட்டனில் முதியோர் மருத்துவப் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் வ. செ. நடராசன், 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர்க்கென வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். முதியோர்க்கு எதற்குத் தனி மருத்துவர் என்று எண்ணப்பட்ட காலத்தில் தொடங்கிய அச்சிறு பிரிவு, பின்னர் உள்நோயாளர் பிரிவாகவும் வளர்ந்தது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப்படிப்பு ஏற்பட்டது. நாட்டில் இத்துறைக்கென அமைந்த முன்னோடிப் படிப்பு அது. தமிழில் முதியோர் நலம் குறித்துப் பல நூல்களையும் எழுதிய அவருக்கு 2012இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆய்வின் பயன் எளியோரை எட்டும் வழியைக் கண்டதும் தமிழ்நாடே. ஒருகாலத்தில் நம் ஊர்களில் முதியோர் பலர் கண்புரையால் பார்வையிழந்து, திண்ணையிலேயே காலங்கழித்தனர். அதுவும் வயதின் கணக்கிலேயே வைக்கப்பட்டது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்ட கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976ஆம் ஆண்டில், மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 58. அறுவை மருத்துவரின் நேரம் சற்றும் வீணாகாதபடி பணிகளைப் பிரித்தமைத்ததனால், குறைந்த செலவில் மிகப் பலர்க்குச் சிகிச்சையளிக்க இயன்றது. கண்ணுள் பொருத்தும் வில்லை வெளிநாட்டிலிருந்து மிகுந்த விலையில் வந்துகொண்டிருந்தது. 1992இல் அரோலேப் என்ற நிறுவனத்தை அமைத்து அவ்வில்லையை இங்கேயே பன்மடங்கு குறைந்த விலையில் உருவாக்கினர். முதுமைக்காகப் பெரும்பணி செய்த அவரே தம் முதுமையின் வாயிலில் நின்றுதான் அதைத் தொடங்கினார் என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

நமக்கான ஆய்வை யார் செய்வது?

1998இல் கொச்சியில் கூடிய மறதிநோய் ஆய்வாளர்கள் ஒரு குழுவை அமைத்து, அதற்குப் ‘பத்து / அறுபத்தாறு’ என்று எண்களால் பெயரிட்டனர். மறதிநோய் உற்றோருள் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்வதாக அன்று மதிப்பிடப்பட்டது. ஆனால் மக்களிடையே நடத்தப்பட்ட ஆய்வுகளுள் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவையாக இருந்தன. இவ்வநீதியை மறவாதிருக்கவே அப்பெயர்.

அக்குழுவின் பணி ஒரு நுட்பமான உண்மையை வெளிக்கொணர்ந்தது. மேலைநாடுகளில் உருவான நினைவுச் சோதனைகள் பள்ளிக் கல்வி பெற்றோரை மனத்திற்கொண்டு அமைந்தவை. எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் அச்சோதனையில் தவறினால், நோயில்லாதவரே நோயாளராக எண்ணப்படுவார். மாறாக, கூட்டுக்குடும்பத்தில் பிறர் துணையால் நாளைக் கழிக்கும் ஒருவரின் உண்மையான மறதிநோய், ‘வயதாகிவிட்டது’ என்ற போர்வைக்குள் மறைந்துவிடவும் கூடும். ஆகவே கல்வி வேறுபாட்டால் பிழை நேராதவாறு, உடனிருக்கும் உறவினரிடமும் வினவி அறியும் முறையொன்று உருவாக்கப்பட்டது. அதனைப் பயன்படுத்திக் கள ஆய்வு நடந்த இடங்களுள் சென்னை நகரும் வேலூர் வட்டாரச் சிற்றூர்களும் அடங்கும். பிற நாட்டார் உடலையும் வாழ்க்கையையும் அளந்து கண்ட முடிவுகள் நமக்கு அப்படியே பொருந்திவிடா. நம்மை நாமே ஆராய்ந்தாக வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அத்திசையில் நாடு சில அடிகள் எடுத்து வைத்துள்ளது. 2017–18இல் 45 வயதும் அதற்கு மேலும் உடைய 72,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு, நாடு முழுவதற்குமான முதுமை குறித்த நெடுங்கால ஆய்வின் முதற்சுற்று நடைபெற்றது. பால்டிமோரில் போலவே, அதே மக்களை மீண்டும் சந்தித்து அறிவதே இதன் நோக்கம். உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் 2030 வரையுள்ள காலத்தை நலமிக்க முதுமைக்கான பத்தாண்டாகக் கடைப்பிடித்து வருகிறது. 2024இல் சென்னை கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டிலோ 10.4 விழுக்காடு. நாட்டின் பிற பகுதிகள் பலவற்றைவிட விரைவாக மூத்துவரும் மாநிலம் நமது. ஆகவே இவ்வாய்வின் தேவையும் நமக்கே முந்தி வருகிறது.

நம் கடமை

இளமை நிலையாமையைத் தனி அதிகாரமாக வகுத்துரைத்த நாலடியாரைப் போற்றும் நாம், முதுமையைத் தள்ளிப்போடும் முயற்சியில் ஈடுபடலாமா என்று எவரேனும் வினவக்கூடும். மேலே கண்ட அறிஞர் எவரும் இளமையை நிலைநிறுத்த முயன்றவரல்லர். முதுமையை வெல்ல எண்ணாமல், அதன் பெயரால் நேரும் புறக்கணிப்பையே அவர்கள் எதிர்த்தனர். நிலையாமையை உணர்தல் ஓர் அறிவு. பிறருடைய வலியை நிலையாமையின் கணக்கில் எழுதிவிட்டு வாளாவிருத்தல் அறிவாகாது. தம் நீதிநூல்களுக்கு ஏலாதி என்றும் சிறுபஞ்சமூலம் என்றும் மருந்துகளின் பெயரைச் சூட்டிய சமணப் புலவர்கள், உடல் நலத்தையும் உயிர் நலத்தையும் ஒருங்கே எண்ணியவர்கள்.

நம் மரபு கூறும் தானங்கள் நான்கு: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். முதியோர் நல ஆய்வுக்குத் துணை நிற்றல் இவற்றுள் எதில் சேரும்? மருந்தாக முடிவதால் ஔடதம். அறிவைப் பெருக்குவதால் சாத்திரம். “இனி நான் எவர்க்கும் சுமையோ” என்ற முதியோரின் அச்சத்தை நீக்குவதால் அபயம். ஒரு செயலில் மூன்று தானம் அமைகிறது.

அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. ஆய்வாளர் நம் ஊருக்கு வந்து வினவும்போது, அவர் யார், ஆய்வு யாருடையது, விவரம் எவ்வாறு காக்கப்படும் என்று கேட்டறிந்து, பெரியவர்களின் இசைவோடு ஒத்துழைக்கலாம். மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் முதியோர் மருத்துவத்தைத் தேர்ந்தெடுக்க ஊக்கமளிக்கலாம். அறக்கட்டளைகள் வழங்கும் கல்வி உதவித்தொகைகளில் ஒன்றை அத்துறைக்கென ஒதுக்கலாம். இல்லத்துப் பெரியவர் உண்ணும் மருந்துகளையும், அவர் நடையிலும் நினைவிலும் காணும் மாற்றங்களையும் ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டலாம். வாரன் அம்மையார் 714 படுக்கைகளினிடையே செய்த பணியும் அத்தகைய குறிப்பிலிருந்தே தொடங்கியது.

அடுத்த விழாவில் அடிவாரத்தில் அமர்ந்துவிடும் பெரியவரைக் காணும்போது, அவரருகில் சற்று அமர்ந்து, “எங்கே வலிக்கிறது? எப்போதிருந்து?” என்று கேட்போமாக. அவர் மீண்டும் மலையேறுவார் என்று உறுதி கூற இயலாது. ஆனால் ஏறக்கூடியவர் ஒருவர் கேட்பாரின்றிக் கீழேயே தங்கிவிட்டார் என்ற குறை நம் குடும்பங்களில் நேராதிருக்கும்.